சாவியைத் திருப்பும் முன்: நெடுநாள் நின்ற காரைச் சாலைக்குக் கொண்டுவருதல்

போர்ட்டிகோவில் எட்டு வருடமாகக் கவர் போட்டு நிற்கிறது கார். பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் காரை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்ப்பர் கேபிள் மாட்டி, டேங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, "செல்ஃப் அடிடா" என்கிறார் மாமா. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தப்பித்தீர்கள். ஆகிவிட்டால்தான் ஆபத்து.

நின்ற என்ஜினுக்குள் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் வழிந்து கீழே இறங்கியிருக்கும். அந்த இடத்தில் மழைக்கால ஈரம் உட்கார்ந்து, பிஸ்டன் ரிங் நின்ற கோட்டில் துரு கட்டியிருக்கும். டேங்கில் கிடந்த பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசுபிசுத்து, அடியில் தண்ணீரும் துருத்தூளும் சேர்ந்திருக்கும். இந்த நிலையில் செல்ஃப் மோட்டாரின் பலத்தால் என்ஜினைச் சுழற்றினால், காய்ந்த சுவரில் ரிங் உராய்ந்து கோடு விழும், ரிங்கே ஒடியலாம். பம்ப் ஆயிலை மேலே ஏற்றுவதற்குள் கேம்ஷாஃப்ட் வறண்டு சுற்றும். டேங்க்கில் இருந்த துரு கார்பரேட்டருக்குப் போய்ச் சேரும். அன்றைக்கு வண்டி ஓடும், எல்லோரும் கைதட்டுவார்கள். இரண்டாம் மாதம் நீலப் புகை விட ஆரம்பிக்கும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் ஸ்டார்ட் செய்வது நடுவில்தான் வருகிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பல. அவற்றில் பெரும்பாலானவை செலவு குறைந்தவை, பொறுமை மட்டும் கேட்பவை.

உதாரணத்துக்கு மாருதி 800-ஐ, அதிலும் கார்பரேட்டர் மாடலை, எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். நம் ஊர்த் தெருக்களில் வேப்பமரத்தடியிலும் ஷெட்டிலும் நின்றுபோன கார்களில் இதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். சாமான் இன்னும் கிடைக்கிறது. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகிய என்ஜின். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதுதான். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எடுக்கலாமா, விடலாமா

என்ஜினைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். என்ஜினைச் சரிசெய்ய முடியும், வேண்டுமானால் வேறு என்ஜினே மாற்றவும் முடியும். பாடி உளுத்துப்போயிருந்தால் வண்டியில் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். கால் மிதியடியை எடுத்து, அடியில் இருக்கும் ரப்பர் விரிப்பையும் தூக்குங்கள். முன் கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி இங்கேதான் தேங்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் துரு. கதவின் அடி விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடங்கள், பேட்டரி உட்காரும் தட்டு ஆகியவற்றையும் இப்படியே தட்டுங்கள்.

தரையில் ஓட்டை இருந்தால் டிங்கர் புதுத் தகடு வெல்டிங் செய்துவிடுவார். அது பெரிய விஷயமில்லை. இரண்டு இடங்கள் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதவை. முன் சக்கரத்தின் ஸ்ட்ரட் மேலே வந்து பானட்டுக்குள் போல்ட்டில் பிடிக்கும் தகடு ஒன்று. பின் ஆக்ஸில் பாடியோடு சேரும் இடம் இன்னொன்று. இவை செதில் செதிலாக உரிந்தால் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புவதே நல்லது. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடலோரம் என்று உப்புக்காற்றில் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருப்பதை நம்ப வேண்டாம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி தடியாகப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாடி தேறினால் அடுத்தது ஆர்.சி. புக். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வண்டி முழுதும் தயாரான பிறகு, பேரை மாற்ற வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று தெரியவந்தால் செலவழித்ததெல்லாம் போர்ட்டிகோவிலேயே நிற்கும். காகித வேலையின் விவரம் பின்னால் வருகிறது. இப்போதைக்குச் செய்ய வேண்டியது, ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது, வங்கிக் கடன் அடமானம் நீக்கப்பட்டிருக்கிறதா, பதிவு எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்ப்பது.

குடியிருப்பவர்களை வெளியேற்றுதல்

பகல் வெளிச்சத்தில், கையில் ஒரு குச்சியோடு பானட்டைத் திறங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தேள், குளவி, சமயத்தில் பாம்பு, எல்லாம் குடியிருக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றினால் அணில் கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நார், பஞ்சு, சீட்டிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்ச் இருக்கும். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். அதைக் குத்தி எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் என்ஜின் மூச்சுத் திணறும், காரணம் தெரியாமல் கார்பரேட்டரை நோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

எலிதான் நிஜமான எதிரி. ஒயரின் மேல்தோலைக் கடித்து, செம்பை மட்டும் விட்டுவைக்கும். அந்த நிலையில் பேட்டரியை மாட்டினால் ஒயரிங் முழுதும் பற்றிக்கொள்ளும். எனவே எலக்ட்ரீஷியன் வந்து கண்ணால் பார்க்கும்வரை பேட்டரி வண்டியில் ஏறவே கூடாது. ஒயர்க் கட்டின் மேல் சுற்றியிருக்கும் டேப்பை அங்கங்கே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டுக்குக் கீழேயும், பின் சீட்டுக்கு அடியிலும். பாடியில் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப மாட்டினாலே பாதி எலக்ட்ரிக்கல் கோளாறு போய்விடும்.

பழைய பேட்டரியைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். வருடக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். சார்ஜ் போட்டால் ஏறியது போலக் காட்டி மறுநாள் இறங்கும். புதியது வாங்குங்கள்.

கையால் சுற்றுங்கள்

பிளக்குகளைச் சுற்றியிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதிவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் சிரிஞ்சால் பத்து மில்லி என்ஜின் ஆயில், கொஞ்சம் டீசல் கலந்து விடுங்கள். ஓட்டையைத் துணியால் மூடி இரண்டு நாள் சும்மா விடுங்கள். இதுதான் இந்த அத்தியாயத்திலேயே மலிவான வேலை, அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவதும் இதுதான்.

பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனரை மாட்டி, பெல்ட் பக்கம் நின்று பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாக இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் போல்ட் கழன்றுவரும். முதல் அசைவு ஒரு 'கிரீச்' சத்தத்தோடு வரும், பிறகு லேசாகிவிடும். அசையவே இல்லையென்றால் இரண்டடிப் பைப்பை ஸ்பேனரில் சொருகித் தொங்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் இரண்டு நாள். ஒரு வாரம் கழிந்தும் மசியவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் "கட்டி இழுத்து நாலாவது கியரில் கிளட்ச்சை விட்டால் தானா விட்டுரும்ணே" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். விட்டுவிடும்தான், என்ஜின் விடுமா கனெக்டிங் ராடு விடுமா என்பதுதான் தெரியாது.

இரண்டு முழுச் சுற்றுத் தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை இறக்குங்கள். இறக்குமுன் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, அளவும் கோட்டுக்கு மேலே இருந்தால் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கார்பரேட்டர் மாடலில் பம்ப்பை ஓட்டுவது கேம்ஷாஃப்ட். கிழிந்தால் பெட்ரோல் நேராக என்ஜின் ஆயிலில் கலக்கும். பம்ப்பை மாற்றாமல் மேலே போகக்கூடாது. பால் கலந்த காப்பி நிறத்தில் ஆயில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

புது ஆயில், புது ஃபில்டர். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் இப்போது வேண்டாம். 500 கிலோமீட்டரில் இதை எப்படியும் இறக்கப் போகிறோம். அதோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள். அதற்குக் கிலோமீட்டரில் மட்டுமல்ல, வருடத்திலும் ஆயுள் உண்டு. "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்று மெக்கானிக் சொன்னாலும் மாற்றச் சொல்லுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் நடுரோட்டில் நிற்பீர்கள், சில வகை என்ஜின்களில் வால்வும் வளையும். ஃபேன் பெல்ட்டுக்கும் இதே கதி.

ரேடியேட்டரில் நம் ஊர் வழக்கம் ஒன்று தண்டனை கொடுத்திருக்கும். கூலன்ட் இருக்க வேண்டிய இடத்தில் போர்த்தண்ணீரை ஊற்றி ஓட்டியிருப்பார்கள். உப்புப் படிந்து, உள்குழாய்கள் அடைத்து, தண்ணீர் செங்கல் நிறத்தில் வரும். தெளியும்வரை அலசுங்கள், தெளியவில்லை என்றால் ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் கடையில் கொடுத்து ராடு விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "இனிமே ஹீட்டே ஆகாதுண்ணே" என்று சொல்லும் பழக்கம் ஷெட்டுகளில் உண்டு. ஒப்புக்கொள்ளாதீர்கள். எப்போதும் குளிர்ந்தே ஓடும் என்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும், புகைச் சோதனையிலும் தோற்கும்.

பெட்ரோல்: அதிகம் மெனக்கெட வேண்டிய இடம்

பழைய பெட்ரோலைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். நல்ல பெட்ரோல் தெளிவாக நிற்கும். உங்கள் பாட்டிலில் பெரும்பாலும் டீத்தண்ணீர் நிறத்தில் மேல்பகுதி, நடுவில் ஒரு கோடு, அடியில் கலங்கலாக இன்னொரு பகுதி, அதற்கும் அடியில் செந்துரு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது எத்தனாலும் தண்ணீரும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. புதுப் பெட்ரோலை மேலே ஊற்றினாலும் முதலில் போவது இந்தக் கலங்கல்தான் என்பது இப்போது புரியும்.

டேங்கைக் கழற்றி முழுதும் காலி செய்யுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். நம் ஊரில் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள்; நுரையீரலுக்குள் ஒரு மடக்குப் போனால் ஆஸ்பத்திரியில்தான் முடியும். கையால் அமுக்கும் சைஃபன் பம்ப் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம்; மெக்கானிக் ஷெட்டில் சாமான் கழுவ வாங்கிக்கொள்வார்கள். டேங்க்கின் உள்ளே துரு லேசாக இருந்தால் கழுவினால் போதும். உரிந்து விழும் அளவு இருந்தால் புது டேங்க் அல்லது சென்னைப் புதுப்பேட்டையில் நல்ல பழைய டேங்க். காலி டேங்கில் வெல்டிங் வைக்க எந்தக் காரணத்துக்கும் விடாதீர்கள். மிச்சம் இருக்கும் ஆவியே வெடிக்கும்.

ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும், வெடிப்புத் தெரிகிறதோ இல்லையோ, மாற்றுங்கள். காரணம் வயசு மட்டுமில்லை. இன்று பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. கார்பரேட்டர் 800 வடிவமைக்கப்பட்ட காலத்தின் ரப்பருக்கு இந்த அளவு பழக்கமில்லை. ஊறி, உப்பி, உள்பக்கம் கரைந்து, கறுப்புத் தூளாகக் கார்பரேட்டருக்குள் வரும். கடையில் "எத்தனாலுக்குத் தாங்குற ஹோஸ்" என்று கேட்டு வாங்குங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கார்பரேட்டர் கிட்டும் சேர்த்தே வாங்கிவிடலாம்.

கார்பரேட்டரைக் கழற்றும்போது ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தைத் திறந்தால் அடியில் பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு படிவு, பிசின் காய்ந்த மாதிரி. கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊறவைத்து, காற்றடித்து ஊதுங்கள். ஜெட்டின் ஓட்டையை இரும்புக் கம்பியால் குத்தக்கூடாது. ஓட்டை மயிரளவு பெரிதானாலும் பெட்ரோல் அதிகம் போகும், பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது. மெல்லிய மீன் நரம்பு நுழைத்து இழுக்கலாம். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் அதில் பெட்ரோல் புகுந்திருக்கிறது, மாற்ற வேண்டும். நீடில், கேஸ்கெட், ஆக்ஸிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம், மூன்றும் கிட்டில் வரும். பழையது நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் புதியதையே போடுங்கள்.

இன்ஜெக்‌ஷன் மாடலென்றால் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். கலங்கலில் வருடக்கணக்கில் ஊறிய மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் டேங்கைக் காலி செய்யுங்கள். இன்ஜெக்டர்களைச் சோதிக்கும் மெஷின் வைத்திருக்கும் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்

டேங்கைத் திரும்ப மாட்டியிருந்தாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். புதுப் பெட்ரோல் ஒரு லிட்டரைக் கேனில் எடுத்து, வண்டிக்கு வெளியே தரையில் வைத்து, பம்ப்புக்குப் போகும் குழாயை அதில் விடுங்கள், பம்ப் இழுத்துக்கொள்ளும். பானட்டுக்குள் பாட்டிலைத் தொங்கவிடுவது ஷெட் வழக்கம். கீழே இருப்பது கொதிக்கும் மேனிஃபோல்ட் என்பதை நினைவில் வையுங்கள். தீயணைப்பான் ஒன்று, அது இல்லாவிட்டால் ஒரு வாளி மணலாவது, பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் பிளக் இல்லாமல், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபை ஐந்து ஐந்து நொடியாக விட்டுவிட்டு அடியுங்கள். கண் டேஷ்போர்டில் ஆயில் விளக்கின்மேல் இருக்கட்டும். பிளக் இல்லாததால் என்ஜின் லேசாகச் சுற்றும், பேரிங்குகளில் சுமை இல்லை. விளக்கு அணைந்தால் ஆயில் மேலே ஏறிவிட்டது. "ஸ்டார்ட் பண்ணிடலாமாண்ணே?" என்று பையன் கேட்பான். "இருப்பா, இன்னும் ரெண்டு தடவை" என்று சொல்லுங்கள்.

இப்போது பிளக்குகளை மாட்டி, சோக் இழுத்து, ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே விட்ட ஆயில் எரிவதால் சில நிமிடம் தெருவே தெரியாத அளவு புகை வரும். பயப்பட வேண்டாம், அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் நீலமாக வந்தால் ரிங் அல்லது வால்வு சீல். ஆக்ஸிலரேட்டரை உறுமவிடாதீர்கள். மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாவிட்டால் வண்டி முழுதும் உதறும். பிடி காப்பிட்ட குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். எந்த ஒயரை எடுத்தால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். பிளக்கை மாற்றியும் உயிர் வரவில்லை என்றால் வால்வு துருவில் ஒட்டியிருக்கலாம். சில நாள் ஓட ஓடத் தானே விடுபடுவதும் உண்டு.

டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டும்போது ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். ஃபேன் சுவிட்ச்சுக்குப் போகும் ஒயர் எலிக்குப் பிடித்த ஒயர். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கக்கூடாது என்பதை எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கியர் விழவில்லை, கரகரவென்று கத்துகிறது என்றால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ஜினை நிறுத்தி, கிளட்ச் மிதியை முழுதாக அமுக்கி, சீட்டுக்கும் மிதிக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து ராத்திரி முழுதும் விடுங்கள். பெரும்பாலும் காலையில் விட்டிருக்கும்.

நிற்பதற்கு வழி செய்யாமல் நகர்த்தாதீர்கள்

என்ஜின் ஓடியதும் தெருமுனை வரை ஒரு ரவுண்ட் போய்வர எல்லோருக்கும் கை அரிக்கும். பிரேக் பிரிக்கப்படாத வண்டியைக் கேட்டுக்கு வெளியே எடுக்கக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. மிதித்தால் பிரேக் பிடிக்கிறதே என்பது ஒரு சாட்சியமே இல்லை. அன்றைக்குப் பிடித்த பிரேக் நான்காவது மிதியில் தரையைத் தொடும்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் பின் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும். இழுத்துக் கிழிக்காமல், டிரம்மின் விளிம்பைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டி விடுவியுங்கள். டிரம்மைக் கழற்றியதும் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை நகத்தால் நெம்புங்கள். உள்ளே பழுப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். கிட் மட்டும் போட்டுச் சமாளித்தால், குழிவிழுந்த சுவரில் புது ரப்பர் மூன்று மாதத்தில் கிழியும். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் சரக்குதான். தண்ணீர் சேர்ந்த ஆயில் மலைப்பாதை இறக்கத்தில் கொதித்து ஆவிக் குமிழியாகும். கொல்லிமலையில் அப்படி ஒரு மிதி காலியாகப் போனால் எழுபது கொண்டையூசி வளைவும் பாக்கியிருக்கும். அலமாரியில் கிடக்கும் பாதி பாட்டிலை ஊற்றாதீர்கள், சீல் உடைக்காத புதியதை வாங்குங்கள்.

மாஸ்டர் சிலிண்டரைப் பிரிக்காமல் பிளீட் செய்யும்போது (பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றும்போது) மிதியைத் தரைவரை அமுக்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. எப்போதும் பாதி தூரமே போய்வந்த சீல், துருப்பிடித்த அடிப்பகுதிக்குள் முதல்முறையாக நுழைந்து கிழிந்துபோகிறது. நின்ற வண்டிக்கு மாஸ்டரில் புது கிட் போட்டுவிட்டே பிளீட் செய்யுங்கள், மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி. முன் டிஸ்க்கின் காலிப்பர் பிஸ்டன் கையால் அமுக்கினால் உள்ளே போக வேண்டும். மிதியை விட்ட பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் ரப்பர் பிரேக் குழாய் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கும். வெளியே பார்க்க அழகாக இருக்கும். முடிந்ததும் என்ஜின் ஓடும்போது மிதியை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு.

டயருக்கு வருவோம். "பட்டன் அப்படியே இருக்கே" என்பதை நம்ப வேண்டாம். பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும்: 1816 என்றால் 2016-ம் வருடத்தின் 18-வது வாரம். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றுங்கள். ஒரே இடத்தில் நின்றதால் தட்டையானது ஓட்டத்தில் சரியாகிவிடும் என்பார்கள்; தட்டை சரியாகலாம், இறுகிய ரப்பர் இளகாது. லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் அரை நாள் வேலை.

காகித வேலை

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. பதினைந்து வருடமானால் வண்டியை உடைத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இல்லை. டெல்லியில் பழைய வண்டிகளுக்குத் தடை என்ற செய்தியைப் பார்த்துவிட்டு நல்ல வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் புதுப்பிக்கும் கட்டணம் இப்போது கொஞ்சநஞ்சமில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் தனி. பசுமை வரியும் உண்டு. பல வருடம் தாமதமான வண்டிக்கு இந்தக் கூட்டுத்தொகை மெக்கானிக் பில்லையே மிஞ்சிவிடலாம். இதனால்தான் ஆர்.சி.-யை முதலிலேயே பார்க்கச் சொன்னேன்.

வண்டி காலமான அப்பா பேரில் இருந்தால் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவை வேண்டும். கடன் என்றோ அடைத்தாகிவிட்டது, ஆனால் ஆர்.சி.-யில் வங்கிப் பெயர் அப்படியே இருக்கிறது என்றால் வங்கியிலிருந்து படிவம் 35-ம் தடையின்மைச் சான்றும் வாங்குங்கள். அந்த வங்கியே இன்னொரு வங்கியோடு இணைந்து மறைந்திருந்தால், இணைந்த வங்கியில் கேட்க வேண்டும். நடை கொஞ்சம் ஆகும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புக்காக இருந்தால், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரம் வரவில்லை என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய பதிவேட்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மனுக் கொடுப்பதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பின்தான் நகரும்.

வரிசை இப்படி: முதலில் இன்சூரன்ஸ், பிறகு புகைச் சான்று, பிறகு ஆர்.டி.ஓ. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம், 1,000 சி.சி.-க்கு உட்பட்ட காருக்கு 2022-ல் அறிவித்த பிரீமியம், வரி நீங்கலாக, 2,094 ரூபாய். முழுக் காப்பீடு வேண்டுமென்றால் கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்ப்பார். பழைய நோ கிளெய்ம் போனஸ் 90 நாளுக்கு மேல் விட்டதால் போயே போய்விட்டது. இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,000 தான்; ஆனால் யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு முழுதும் உங்கள் சொத்திலிருந்து.

புகைச் சோதனைக்கு என்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது போங்கள். புது ஏர் ஃபில்டர் போட்டு. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம்.-க்கும் மேல் போகக்கூடாது. கார்பரேட்டரை ஒழுங்காகச் செய்திருந்தால் இதில் சிரமம் இருக்காது. இந்தப் பழைய வண்டிகளுக்குச் சான்று ஆறு மாதம்தான் செல்லும்.

பதிவு காலாவதியான வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போவதும் சாலையில் ஓட்டுவதுதான். டோ வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். இன்ஸ்பெக்டர் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.-யோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்; பென்சில் பிரின்ட் கேட்பார்கள். டிங்கரிடம் வண்டியைக் கொடுக்கும்போதே சேசிஸ் எண் பொறித்த இடத்தில் உப்புத்தாளோ பட்டியோ படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். துருவோடு இரண்டு எழுத்தும் தேய்ந்துபோனால், திருட்டு வண்டியில்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.-யில் பதிய வேண்டும். வெள்ளைக் காரை வெள்ளையாகவே பெயின்ட் அடிப்பது நல்லது.

முதல் 500 கிலோமீட்டர்

ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். வீட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பிவரக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். டேங்க் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் துரு மிச்சம் இருக்கும். வண்டி குலுங்கிக் குலுங்கி அது இறங்கும். மேடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கி, சமதரையில் சரியாகிவிட்டால் பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உடம்புள்ள ஃபில்டரையே போடுங்கள், நிறத்தைப் பார்த்தே தெரியும். டேஷ்போர்டில் இன்னொரு ஃபில்டர், இரண்டு கிளாம்ப், ஒரு ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கட்டும். நிறுத்தி வைக்கும் இடத்தில் ராத்திரி பழைய செய்தித்தாளை விரித்து, காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பாருங்கள்: கறுப்பு என்ஜின் ஆயில், பச்சை கூலன்ட், சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிரேக். 500 தாண்டியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மீண்டும் மாற்றி, வீல் நட்டுகளையும் கிளட்ச் கேபிளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு பக்கத்து ஊருக்கு எடுத்துப் போகலாம்.